பை தைக்கப் போனேன்... 'பை' கத்துக்கிட்டேன்!

மதுரைக்கு வர்றவங்க வழக்கமா மூணு கேள்வி கேப்பாங்க. கோயில் எப்போ திறப்பாங்க, மஹாலுக்கு எவ்வளவு தூரம், நல்ல ஜிகர்தண்டா எங்கே கிடைக்கும்? நாலாவதா ஒரு கேள்வி இருக்கு. அதை உள்ளூர்க்காரங்க மட்டும்தான் கேப்பாங்க. “புதுமண்டபத்து டெய்லர்கிட்ட கொடுத்தாச்சா?”

ஸ்கூல் ஆண்டு விழாவுல நீங்க பாரதியார் வேஷம் போட்டிருப்பீங்க. உங்க தங்கச்சி பரதநாட்டிய டிரஸ்ல நின்னிருப்பா. பக்கத்து வீட்டுத் தாத்தா சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் கட்டியிருப்பார். மதுரையில இந்த மூணும் ஒரே இடத்துல தைச்சதா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். அந்த இடத்துக்குத்தான் இந்த வாரம் உங்களைக் கூட்டிட்டுப் போறேன். ஆனா, நான் அங்கே போனது சுத்திப் பார்க்க இல்லை. மாட்டிக்கிட்டு, தப்பிக்க வழி தேடிப் போனேன்!

முதல்ல வழியைச் சொல்லிடறேன். மாட்டுத்தாவணியில இறங்கினீங்கன்னா டவுன் பஸ் பிடிச்சு பெரியார் பஸ் ஸ்டாண்ட் வந்துடுங்க. அங்கேயிருந்து டவுன்ஹால் ரோட்டுல நேரா நடந்தா மேல கோபுரம். கோயிலை வலது கைப் பக்கமா வெச்சுக்கிட்டு வடக்கு சித்திரை வீதி வழியா சுத்தி வாங்க. சித்திரை வீதிகள்ல வண்டி கிடையாது, தாராளமா வேடிக்கை பார்த்துக்கிட்டே நடக்கலாம். கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே நீளமா ஒரு கல் மண்டபம் நிக்கும். அதுதான் புதுமண்டபம். பேர்தான் புது. 1623-லேர்ந்து 1659 வரைக்கும் மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், வசந்த உற்சவத்துக்காகக் கட்டினது. கிட்டத்தட்ட நானூறு வருஷமா 'புதுசு'ங்கிற பேரைத் தக்க வெச்சுக்கிட்டிருக்கு. நம்ம போனெல்லாம் ஒரே வருஷத்துல பழசாயிடுது!

ரொம்ப காலமா இந்த மண்டபத்துத் தூண்களுக்கு நடுவுலதான் டெய்லர்கள் மெஷினைப் போட்டு உக்காந்திருந்தாங்க. நான் ரெண்டாம் கிளாஸ் படிக்கும்போது அம்மா என்னைக் கூட்டிட்டுப் போனது இன்னும் ஞாபகம் இருக்கு. ஒரு தூண்ல நாயக்க மன்னர் கும்பிட்டுக்கிட்டு நிப்பார், அவர் காலடியில ஒருத்தர் கடகடன்னு மெஷினை மிதிச்சுக்கிட்டிருப்பார். கல்லுக்கும் மெஷின் ஆயிலுக்கும் சேர்ந்து ஒரு வாசனை. பாத்திரக் கடை, புஸ்தகக் கடை, வளையல் கடை எல்லாம் அங்கேயே. இப்போ அந்தக் காட்சி கிடையாது. மண்டபத்தைப் புதுப்பிக்கணும்னு சொல்லி கடைகளைக் காலி பண்ணி, பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க. பேருதான் சத்திரம், மாநகராட்சி கட்டின வணிக வளாகம். சிற்பங்களுக்கு அது நல்லதுன்னு மூளை சொல்லுது. ஆனா, டியூப்லைட் வெளிச்சத்துல ஷட்டர் போட்ட கடைக்குள்ளே அதே டெய்லரைப் பார்க்கும்போது மனசு ஒத்துக்க மாட்டேங்குது. மதுரைக்காரங்களும் லேசுல ஒத்துக்கிறதா இல்லை. சத்திரத்துக்குப் போறவங்ககூட “புதுமண்டபம் போறேன்”னுதான் சொல்றாங்க.

இப்போ நான் மாட்டிக்கிட்ட கதை.

2020 ஊரடங்குல எனக்குப் பதினைஞ்சு வயசு. வீட்டுல அம்மாவோட கால் மெஷின், மேலே துணி போட்டு மூடி, டி.வி. ஸ்டாண்டா வேலை பார்த்துக்கிட்டிருந்துச்சு. மாஸ்க் தைக்கலாம்னு அம்மா அதைத் திறந்தாங்க. போரடிச்சு நானும் உக்காந்தேன். முதல் நாள் மெஷின் பின்னாடியே சுத்திச்சு, நூல் அறுந்துச்சு, ஊசி உடைஞ்சுச்சு. அதுக்கப்புறம் யூடியூப்தான் வாத்தியார். எங்கேயோ ஒரு ஊர்ல, பக்கத்து ரூம்ல குழந்தை அழுற சத்தத்தோட, ஒரு அக்கா பாபின்ல நூல் சுத்தறது எப்படின்னு பொறுமையா சொல்லித் தருவாங்க. ஒரு பைசா வாங்கலை. நானும் அவங்களுக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

இன்ஜினீயரிங் சேர்ந்ததும், வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கலாமேன்னு நானும் வீடியோ போட ஆரம்பிச்சேன். பழைய ஜீன்ஸ்ல லேப்டாப் உறை, மினி டிராஃப்டருக்குத் தோள்ல மாட்டற பை, வொர்க்‌ஷாப் காக்கிச் சட்டையில கிழிஞ்ச பாக்கெட்டை ஒட்டுப் போடறது... எல்லாம் இலவசம். ஹாஸ்டல்ல 'டெய்லர்'னு பட்டப்பேர் வந்துச்சு. கிண்டல் பண்ணினவங்களே பட்டன் பிஞ்ச சட்டையோட ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினாங்க. அதையும் இலவசமாத்தான் செஞ்சேன்.

அப்புறம் போட்டதுதான் அந்த சுருக்குப்பை வீடியோ. கல்யாண வீட்டுல தாம்பூலத்துக்குக் கொடுக்கிறாங்களே, அடியில வட்டமா, மேலே நாடா இழுக்கிற மாதிரி, அது. அடிப்பாகத்துக்கு நாலரை இன்ச் விட்டத்துல ஒரு வட்டம் வெட்டிக்கணும். சுத்துத் துணிக்கு என்ன அளவு? நான்தான் இன்ஜினீயராச்சே! வட்டத்தோட சுற்றளவு = விட்டம் பெருக்கல் பை. நாலரையை 22/7-ஆல பெருக்கினா 14.14 இன்ச். தையலுக்கு ரெண்டு பக்கமும் அரை அரை இன்ச் சேர்த்தா பதினைஞ்சே கால்னு போர்டுல எழுதிக் காட்டினேன். தைக்கும்போது சுத்துத் துணி மிஞ்சி, அங்கங்கே கொசுவம் விழுந்துச்சு. “இதுதாங்க டிசைனே!”ன்னு கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சு சமாளிச்சுட்டேன். என் வீடியோக்கள்லயே அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

ஒரு மாசம் கழிச்சு ஓர் அக்காகிட்டேர்ந்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். கோபமே இல்லாத குரல். “தம்பி, நல்லாயிருக்கீங்களா? உங்க வீடியோ பார்த்து சுருக்குப்பை அறுபது தைச்சேன். அந்தச் சுருக்கம் விழுதே... அது வேணும்னே வெச்சதா, இல்லை தப்பாயிடுச்சா? கல்யாண வீட்டுக்காரங்க வேணாம்னுட்டாங்க. எல்லாத்தையும் பிரிச்சு, இழுத்து வெச்சுப் பார்த்துப் பார்த்து, பன்னெண்டு இன்ச்னு வெட்டினதும்தான் சரியா உக்காந்துச்சு. நீங்க ஏன் பதினைஞ்சே கால்னு சொன்னீங்க?”

கணக்கைத் திரும்பப் போட்டேன். 14.14-தான் வந்துச்சு. ஃபார்முலா சரி, கால்குலேட்டர் சரி, அப்போ அந்த அக்காவோட பன்னெண்டு எப்படிச் சரியாகும்? ரெண்டு நாள் மண்டையைக் குடைஞ்சுச்சு. அதோட இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன், அதுதான் தூங்க விடலை. கடையில வாங்கற துணி 44 இன்ச் அகலம். பதினைஞ்சே கால் இன்ச் துண்டு, ஒரு வரிசையில ரெண்டுதான் வெட்ட முடியும். பன்னெண்டு இன்ச்னா மூணு வெட்டலாம். அறுபது பைக்கு அடிவட்டத்தையும் சேர்த்துப் பார்த்தா, அஞ்சு மீட்டர்ல முடிய வேண்டிய வேலைக்கு அவங்க ஏழு மீட்டர் வாங்கியிருக்காங்க. மீட்டர் 180 ரூபாய், ரெண்டு மீட்டருக்கு 360. பெரிய காசான்னு கேக்காதீங்க. ஒரு பைக்கு அவங்களுக்குத் தையல் கூலி 12 ரூபாய். அறுபது பைக்கு 720. அதுல சரிபாதியை என் வீடியோ தின்னுடுச்சு. பிரிச்சுத் தைச்ச ரெண்டு நாள் வேலை தனி.

இலவசமாத்தானே கொடுத்தேன்னு ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

“புதுமண்டபத்துல போய்க் காட்டு”ன்னாங்க அம்மா. ஒரு சனிக்கிழமை காலையில, கொசுவம் விழுந்த பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். மாசி மாசக் கடைசி. அங்கே அப்பவே சித்திரை வந்துடுச்சு! கடை வாசல்ல எல்லாம் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமா அழகர் வேஷத் துணிகள் தொங்குது. சித்ரா பௌர்ணமியன்னிக்கு கள்ளழகர் வைகையில இறங்கறதை டி.வி.யில பார்த்திருப்பீங்க. அப்போ சாமி மேலே தண்ணி பீய்ச்சறவங்களைக் கவனிச்சிருக்கீங்களா? இடுப்புல சல்லடம்னு முழங்கால் அளவுக்கு ஒரு கால்சட்டை, கச்சை, தலையில உருமால். தொ.பரமசிவன் தன்னோட 'அழகர் கோயில்' ஆய்வு நூல்ல இந்த அடியார்கள் பத்தி விரிவா எழுதியிருக்கார். அவங்க உடுத்தற துணி எங்கேயிருந்து வருதுன்னு பார்க்கணும்னா, நேரா இங்கே வந்துட வேண்டியதுதான். தைக்கறவங்கள்ல முஸ்லிம் டெய்லர்களும் இருக்காங்க. மதுரையில இதை யாரும் ஒரு செய்தியாவே நினைக்கறதில்லை, நான்தான் எழுதிக்கிட்டிருக்கேன்.

நான் போய் நின்னதும் ஒரு பாய் கடைதான். அறுபது வயசைத் தாண்டினவர். கழுத்துல இஞ்ச் டேப், காதுல பென்சில். மெஷின் மேலே ஒரு தொம்பை பாதி தைச்சுக் கிடந்துச்சு. தேர்லயும் சப்பரத்துலயும் உருளையா, வண்ண வண்ணமாத் தொங்குமே, அதுக்குப் பேர்தான் தொம்பை. தலையை நிமிர்த்தாமலே, “என்னப்பா, சித்திரைக்கா? இப்போ ஆர்டர் எடுக்கலை”ன்னார். பையை நீட்டினேன். உள்பக்கத்தைத் திருப்பினார், தையலைக் கட்டை விரலால தடவினார். மொத்தம் அஞ்சு செகண்ட் இருக்கும்.

“வட்டத்தை ஓரத்துல அளந்திருக்கே.”

“ஆமா பாய், விட்டம் நாலரை...”

“ஓரத்துலயா தைக்கிறே? அரை இன்ச் உள்ளே தள்ளித்தானே தைக்கிறே? வெட்டற இடம் வேற தம்பி, தைக்கிற இடம் வேற. கணக்கைத் தைக்கிற இடத்துல பாரு.”

அவ்வளவுதான். நாலரை இன்ச் வட்டத்துல ரெண்டு பக்கமும் அரை இன்ச் தையலுக்குப் போயிட்டா மிச்சம் மூணரை. மூணரை பெருக்கல் 22/7, பதினொண்ணு. அதோட சைடு தையலுக்கு ஒரு இன்ச், பன்னெண்டு! அந்த அக்கா கையால இழுத்துப் பார்த்துக் கண்டுபிடிச்ச அதே பன்னெண்டு. எனக்கு வெட்கமாப் போச்சு. நான் படிக்கிறது மெக்கானிக்கல். கியர் பல்சக்கரத்துல வெளிவட்டம் வேற, பிட்ச் வட்டம் வேற, கணக்கு எல்லாம் பிட்ச் வட்டத்துலதான்னு போன செமஸ்டர்ல பக்கம் பக்கமா எழுதிட்டு வந்தவன். கண்ணெதிரே ஒரு துணி வட்டம் இருந்தப்போ அது ஞாபகத்துக்கு வரலை. பை தைக்கப் போய் 'பை'யிலயே மாட்டிக்கிட்டேன்!

பாய் 'பை'யெல்லாம் போடறதில்லை. வட்டத்தை நாலா மடிச்சு, இஞ்ச் டேப்பைக் குத்திட்டு நிக்க வெச்சு, ஓரத்துலேர்ந்து தையல் அளவு உள்ளே தள்ளி வளைச்சு ஓட்டறார். கால் வட்டம் எவ்வளவோ அதை நாலால பெருக்கிக்கறார். அப்புறம் சுத்துத் துணியையும் நாலா மடிச்சு, மடிப்புல கத்தரியால சின்னதா ஒரு வெட்டு. வட்டத்துலயும் அதே மாதிரி நாலு வெட்டு. வெட்டுக்கு வெட்டு ஜோடி சேர்த்துட்டா துணி எங்கிட்டும் ஓடாது. இன்னொண்ணும் சொன்னார், இதை நல்லாக் கவனிச்சுக்குங்க. சுத்துத் துணி நேர் துணி, வட்டத்துமேல வளைஞ்சு உக்காரணும்னா அதோட ஓரம் விரியணும். அதுக்காகத் தையல் போடறதுக்கு முன்னாடியே அந்த நேர் ஓரத்துல மட்டும் வரிசையா குட்டிக் குட்டி வெட்டு கொடுக்கணும், தையல் கோட்டைத் தொடாம. “இம்மாந்துண்டு வட்டத்துக்கு அரை இன்ச் எதுக்கு? கால் இன்ச் விட்டாப் போதும், இன்னும் அழகா உக்காரும்.” கடைசியா என் தையலைப் பார்த்து, “ஊசியை மாத்தி எத்தனை மாசமாச்சு?”ன்னார். ஜீன்ஸுக்குப் போட்ட 16-ம் நம்பர் ஊசியை அப்படியே வெச்சு மெல்லிசு துணியையும் தைச்சிருந்தேன். சாதாரண காட்டனுக்கு 14-ம் நம்பர் போதுமாம். துணியில விழுந்த ஓட்டையைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டார்.

அப்போதான் நான் வாயை விட்டேன். “பாய், இதை அப்படியே வீடியோ எடுத்து யூடியூப்ல போட்டுக்கட்டுமா? சரியான முறை எல்லாருக்கும் போய்ச் சேரட்டும்.”

பாய் பதில் சொல்றதுக்கு முன்னாடி பக்கத்துக் கடைக்காரர் குரல் கொடுத்தார். ஐம்பது வயசு இருக்கும், பெரிய மேஜைமேல சல்லடத்துக்குத் துணி வெட்டிக்கிட்டிருந்தார். “எவ்வளவு தருவே?”

“இலவசமாத்தாண்ணே போடறேன். எனக்கே காசு வராது.”

“உனக்கு வராட்டி எனக்கென்ன? நான் பத்து வயசுல வேலைக்கு உக்காந்தேன். மூணு வருஷம் காஜா எடுத்தேன், பட்டன் கட்டினேன், டீ வாங்கியாந்தேன். நாலாவது வருஷம்தான் எங்க முதலாளி கத்தரிக்கோலைத் தொட விட்டார். நீ பத்து நிமிஷத்துல எடுத்துட்டுப் போயி ஊருக்கெல்லாம் கொடுத்துருவே. நாளைக்கு அவனவன் வீட்டுல தைச்சுக்கிட்டா இங்கிட்டு எவன் வருவான்?”

என்கிட்ட பதில் இல்லை. பாய்தான் மெஷினை நிறுத்தாம பேசினார். “வீடியோ பார்த்துத் தைக்கிற புள்ளை, நேத்தும் உன்கிட்ட வரலை, நாளைக்கும் வராது. நம்ம வேலையை எடுத்துக்கிட்டுப் போனது ரெடிமேடு. அதை ஏதாவது வீடியோ போட்டா கொண்டாந்தான்? என் பையன் இந்தத் தொழிலுக்கு வரலை. சரின்னுட்டேன். இப்போ நான் இதை யாருக்குச் சொல்லித் தர? இந்தத் தம்பி வந்து கேக்குது, சொல்றேன்.”

“உங்களுக்குப் பையன் சம்பாதிக்கிறான் பாய், சொல்லிட்டீங்க. எனக்கு ரெண்டு பொண்ணு படிக்குது.”

அதுக்கு பாயும் ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும்தான். நீங்க என் இடத்துல இருந்தா யார் பக்கம் பேசியிருப்பீங்க? நான் வீட்டுக்கு வர்ற பஸ்ல பாய் பக்கம் இருந்தேன். ராத்திரி படுத்ததும் அண்ணன் பக்கம் போயிட்டேன்.

இந்தச் சண்டை இன்னிக்கு நேத்து வந்தது இல்லைங்க. தையல் மெஷினே இப்படிப்பட்ட சண்டையிலதான் வளர்ந்துச்சு. கை ஊசிக்குக் காது மேலே இருக்கும். மெஷின் ஊசிக்குக் காது முனையில இருக்கணும், அப்போதான் கீழே இருக்கிற இன்னொரு நூலோட பின்ன முடியும். இப்படி ஒரு மெஷினுக்கு அமெரிக்காவுல எலையஸ் ஹோவ் 1846-ல காப்புரிமை வாங்கினார். அப்புறம் சிங்கர் வந்தார், இன்னும் சிலர் வந்தாங்க. ஆளுக்கொரு காப்புரிமையை வெச்சுக்கிட்டு மாறி மாறி கேஸ் போட, யாராலும் நிம்மதியா மெஷின் விக்க முடியலை. கடைசியில 1856-ல எல்லாரும் உக்காந்து, காப்புரிமைகளை ஒரே இடத்துல போட்டுப் பங்கு பிரிச்சுக்கிட்டாங்க. ஹோவுக்கு விக்கிற மெஷின் ஒண்ணொண்ணுக்கும் பணம் வந்துச்சு. இந்தக் காலத்துல நேர் எதிரா, 'ஃப்ரீசூயிங்'னு ஓர் ஓப்பன் சோர்ஸ் திட்டம் இருக்கு. உங்க உடம்பு அளவைக் கொடுத்தா அதுக்கேத்த பேட்டர்னை வரைஞ்சு கொடுத்துடும், காசு கிடையாது. கோட் எழுதத் தெரிஞ்ச நண்பர்கள் உள்ளே புகுந்து பாருங்க. ஆனா, புதுமண்டபத்து அண்ணன்கிட்ட ஹோவ் மாதிரி காப்புரிமையும் இல்லை, கோட் எழுதறவங்க மாதிரி மாசச் சம்பளமும் இல்லை. அவர் கைக்குள்ளே இருக்கிற வெட்டு மட்டும்தான் இருக்கு. அதையும் நான் இலவசமாக் கேட்டேன்.

கடைசியில ஒரு ஒப்பந்தம் ஆச்சு. வட்டம் தைக்கிறதை எடுத்துக்கலாம், பாயோட கை மட்டும் தெரியணும், முகம் கூடாது. சல்லடம், உருமால், திருவிழா சமாச்சாரம் எதையும் எடுக்கக் கூடாது. ரெண்டு பேருக்கும் எனக்குமா மூணு டீ சொன்னேன். அண்ணன் டீயைக் குடிச்சுட்டு காசை அவரே கொடுத்துட்டார். எனக்கு அது என்னவோ மாதிரி இருந்துச்சு.

அங்கேயிருந்து அப்படியே தெற்கே நடந்தா விளக்குத்தூண். கலெக்டர் பிளாக்பர்ன் நினைவா வெச்ச இரும்பு விளக்கு. சுத்திலும் துணிக்கடைகள். தையல் கத்துக்கிறவங்களுக்கு இந்த வட்டாரம் தீபாவளிதான். நூல்கண்டு, கொக்கி, எலாஸ்டிக், ஜிப், லேஸ், கேன்வாஸ்னு சகலமும் கிடைக்கும். நம்மளை மாதிரி ஸ்டூடண்ட்ஸ் துண்டுத் துணியா கேளுங்க, பழகறதுக்கு அதுவே போதும். சுங்குடி கிடைச்சா விடாதீங்க. துணியைப் பொட்டுப் பொட்டா முடிச்சுப் போட்டுச் சாயத்துல முக்கி எடுக்கிறது, மதுரை சௌராஷ்டிர மக்களோட கைவேலை. 2005-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. நிஜ முடிச்சுல வர்ற புள்ளி ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, அச்சடிச்சது எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வாங்கறப்போ கண்ணைத் திறந்து வெச்சுக்கோங்க. நான் அரை மீட்டர் வாங்கினேன். மிச்சக் காசுக்கு விளக்குத்தூண் பக்கத்திலேயே ஜிகர்தண்டா. (மதுரைக்குப் போயிட்டு இதை எழுதாம விட்டா எடிட்டர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிடுவார்!)

வீட்டுக்கு வந்து பழைய வீடியோவை எடுத்துட்டேன். புதுசா ஒண்ணு போட்டேன். ஆரம்பத்திலேயே, “போன தடவை நான் சொன்ன அளவு தப்பு, கொசுவம் டிசைன் இல்லை, சமாளிப்பு”ன்னு சொல்லிட்டேன். சொல்றதுக்கு முன்னாடி பத்து தடவை ரிகர்சல் பார்த்தேன். புது முறையில அஞ்சு பை தைச்சுப் பார்த்த பிறகுதான் கேமராவை ஆன் பண்ணினேன். அந்த அக்காவுக்கு 360 ரூபாய் அனுப்பறேன்னு சொன்னேன். “அய்யோ வேணாம் தம்பி”ன்னு சொல்வாங்கன்னு மனசுக்குள்ளே ஒரு நப்பாசை. நம்பர் கொடுத்தாங்க, அனுப்பினேன், வாங்கிக்கிட்டாங்க. அடுத்த வாரம் ஒரு போட்டோ வந்துச்சு. நாப்பது சுருக்குப்பை வரிசையா, அடிப்பாகம் எல்லாம் தட்டு மாதிரி. கால் இன்ச் தையல்!

நீங்க போறதா இருந்தா சித்திரைத் திருவிழா முடிஞ்சு போங்க. அதுக்கு முன்னாடி யாருக்கும் தலையைத் தூக்க நேரம் இருக்காது. ஏதாவது கேக்கணும்னா கையில தைச்ச பொருளோட போங்க, தப்பாத் தைச்சதுன்னா இன்னும் நல்லது. வாயால விளக்கினா அவங்களுக்குப் புரியாது, பிரிச்சுக் காட்டினா அஞ்சு செகண்ட் போதும். சும்மா நிக்காதீங்க, ஒரு தலையணை உறையாவது தைக்கக் கொடுங்க.

ஒண்ணு பாக்கி இருக்கு. எடிட் பண்ணும்போதுதான் பார்த்தேன். பாயோட கையை எடுக்கறேன்னு நான் போனைச் சாய்ச்சு வெச்சதுல, பின்னாடி அந்த அண்ணன் சல்லடம் வெட்டறது முழுசா விழுந்திருக்கு. நாலு நிமிஷம். துணியை எப்படி மடிக்கிறார், எங்கே சாக்பீஸ் கோடு, எங்கே வளைவு, அத்தனையும் தெளிவா இருக்கு. முகம்கூடத் தெரியலை. போட்டிருந்தா சுருக்குப்பையை விட பல மடங்கு பேர் பார்த்திருப்பாங்க. ஃப்ரேமைச் சுருக்கி, பாயோட கை மட்டும் வர்ற மாதிரி வெட்டிட்டேன். ஆனா, ஒரிஜினல் இன்னும் என் போன்லதான் இருக்கு, அழிக்கவும் கை வரலை. அழகர் மலைக்குத் திரும்பினதும் போனை எடுத்துக்கிட்டுப் போய் அண்ணன்கிட்ட காட்டலாம்னு இருக்கேன். இந்தத் தடவை டீ காசு நான் கொடுத்துடணும்.